612 பதிவுகள்... 7 வரிகள்! - பீளமேடு டீச்சரின் வலைப்பூவுக்கு ஒரு சைடுபார்

போகிக்கு நான்கு நாள் முன்பு. காலை ஆறரை மணி. டீச்சரிடமிருந்து போன்.

"அம்மிணி, எந்திரிச்சுட்டியா? காப்புக் கட்டு பத்தி நான் ஒரு பதிவு எழுதியிருந்தேனே... அது எந்த வருசத்துல இருக்குதுன்னு பார்த்துச் சொல்றியா? பெங்களூர்ல இருந்து என்ற அக்கா மக கேட்குறா."

"இதோ பார்க்கறேனுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். ஆனால், தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிட்டது. கேள்வி சின்னதுதான். அதை டீச்சர் கேட்டதுதான் என்னை உட்கார வைத்தது. ஏனென்றால், இத்தனை வருடங்களாக இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி வந்தவரே அவர்தான்.

பீளமேட்டில் எனக்கு எட்டாம் வகுப்பில் தமிழ் எடுத்தவர் டீச்சர். 2010 ஜூன் 23 முதல் 27 வரை எங்கள் ஊர் கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது நினைவிருக்கிறதா? அதோடு சேர்ந்து தமிழ் இணைய மாநாடும் கண்காட்சியும் நடந்தன. கூட்டத்தில் இடிபட்டு அந்தக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த டீச்சர், அடுத்த மாதமே ப்ளாகரில் ஒரு வலைப்பூ தொடங்கினார். அன்றிலிருந்து 612 பதிவுகள். அரிசிம்பருப்பு செய்முறை, நோம்பி நாட்கள், கொங்கு வழக்குச் சொற்கள், பீளமேட்டு மில்களின் சங்குச் சத்தம், வல்லினம் எங்கே மிகும் என்பது வரை எல்லாமே அதில் உண்டு.

ஆனால், அந்த வீட்டுக்குள் எது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு பலகை கூட இல்லை. அதற்குத் தேவையும் இருந்ததில்லை. யாராவது போன் செய்து கேட்டால், "அது 2012 ஆடி மாசம் எழுதுனது, கீழ போய்ப் பாரு" என்பார். மிகச் சரியாக இருக்கும். டீச்சரின் ஞாபகம்தான் அந்த வலைப்பூவின் சைடுபார்!

போன வருடம் தீபாவளிக்கு முன்பு டீச்சருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. கை, கால், பேச்சு எல்லாம் தேறிவிட்டன. சில ஞாபகங்கள் மட்டும் இடம் மாறிவிட்டன. அதனால்தான் அந்தப் போன்.

40 நிமிடத் தேடல்

நான் செய்த முதல் வேலை, நீங்களும் செய்வதுதான். வலைப்பூவின் தேடல் பெட்டியில் 'காப்புக் கட்டு' என்று தட்டினேன். ஒன்றும் வரவில்லை. 'பொங்கல்' என்று தட்டினேன். வரிசையாகப் பல வந்தன, தேடியது வரவில்லை. கடைசியில் ஒவ்வொரு வருடத்தின் ஜனவரியாகத் திறந்து பார்த்தேன். 40 நிமிடம் கழித்து, 2013 ஜனவரியில் கிடைத்தது. தலைப்பு என்ன தெரியுமா? 'வெள்ளைப் பூ சொன்ன சேதி'. உள்ளே 'காப்புகட்டு' என்று ஒற்று இல்லாமல் எழுதியிருந்தார். தமிழ் டீச்சரே அவசரத்தில் விட்ட ஒரு 'க்', தேடலைக் கவிழ்த்துவிட்டது.

அருமையான பதிவு அது. பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து வாசலிலும் தோட்டத்திலும் செருகுவது, பூளைப்பூ நிறைந்த மேடு என்பதால் 'பூளைமேடு' என்றிருந்த ஊர் 'பீளமேடு' ஆனதாகச் சொல்வது எல்லாம் அதில் இருந்தது. வருடா வருடம் நூறு பேருக்காவது பயன்பட வேண்டிய பதிவு, 12 வருடங்களாக அடியில் கிடந்திருக்கிறது.

இது டீச்சரின் தவறு மட்டுமல்ல. வலைப்பூ என்ற வடிவத்திலேயே இந்தச் சிக்கல் உண்டு. புதிது மேலே, பழையது கீழே. நாட்குறிப்பு மாதிரி தேதி வரிசை. எழுதுகிறவருக்கு அது வசதி. ஆனால், படிக்க வருகிறவர் தேதியைத் தேடி வருவதில்லை. ஒப்புட்டு செய்ய வருகிறார். சொல்லுக்கு அர்த்தம் தேடி வருகிறார்.

1999-ல் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் ப்ளாகரைத் தொடங்கியது. 2003-ல் கூகுள் அதை வாங்கியது. பதிவுகளுக்கு லேபிள் ஒட்டும் வசதியும், கேட்ஜெட்களை இழுத்து வைக்கும் வசதியும் 2006-ல்தான் அதில் வந்தன. நம் ஊரில் அப்போது திரட்டிகளின் காலம். 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' போன்ற திரட்டிகள், அன்றன்று வெளியான பதிவுகளை ஒரே இடத்தில் காட்டின. வாசகர்கள் அந்த வழியாகவே வந்தார்கள், புதிதைப் படித்தார்கள், பின்னூட்டம் போட்டார்கள், போனார்கள். பழைய பதிவை யார் தேடுவார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் சைடுபாரில் கடிகாரம், வருகையாளர் எண்ணிக்கை, திரட்டிகளின் பட்டைகள், 'எனக்குக் கிடைத்த விருது' என்று கொலு வைத்திருந்தார்கள். டீச்சர் வலைப்பூவிலும் அதேதான். நின்றுபோன கடிகாரம் ஒன்று இன்னமும் இருந்தது.

திரட்டிகளின் காலம் முடிந்துவிட்டது. இன்று வாசகர் கூகுள் வழியாகவோ வாட்ஸ்அப் லிங்க் வழியாகவோ ஏதோ ஒரு பதிவில் வந்து இறங்குகிறார். அங்கிருந்து அடுத்து எங்கே போவது என்று காட்ட ஒருவர் வேண்டும். அதற்குத்தான் சைடுபார்.

நான் செய்த சொதப்பல்

பொங்கல் விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. லேப்டாப்போடு டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டேன். "பத்து நிமிஷ வேலைங்க டீச்சர்" என்று பெருமை வேறு.

உண்மையிலேயே பத்து நிமிடம்தான். ப்ளாகரில் 'லேஅவுட்' திறந்து, 'ஆட் எ கேட்ஜெட்' அழுத்தி, 'லேபிள்ஸ்' கேட்ஜெட்டைச் சேர்த்து, சேமித்துவிட்டேன். திறந்து பார்த்தால், வலது பக்கம் முழுக்க எறும்புப் புற்று மாதிரி சொற்கள். 143 லேபிள்!

'சமையல்', 'சமையல் குறிப்பு', 'சமையல்குறிப்பு', 'அறுசுவை' என்று சாப்பாட்டுக்கு மட்டும் நான்கு. கணினிக்கு ஓர் இடைவெளி விட்டாலும் அது வேறு சொல்தான். 'பருப்பு, கீரை' என்று ஒரே லேபிளாக நினைத்து டீச்சர் எழுதியதை, நடுவில் இருந்த காற்புள்ளியால் ப்ளாகர் இரண்டாகப் பிரித்திருந்தது. இதைவிட வேடிக்கை, 'ஔவையார்' இரண்டு முறை இருந்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் 'ஔ' ஒரே எழுத்து. இன்னொன்றில் 'ஒ' தட்டி, பக்கத்தில் 'ள' தட்டியிருக்கிறார். கணினி இருவரையும் வேறு வேறு பாட்டியாகவே எண்ணிக்கொண்டது.

எல்லாவற்றுக்கும் மேலே 'பொது' என்று ஒரு லேபிள். அதில் மட்டும் 88 பதிவுகள். எதிலும் சேராததைப் போட்டு வைக்கும் பரண் அது.

"சரி, இருக்கட்டும். வந்துருச்சில்ல" என்று டீச்சர் தன் போனை எடுத்துத் திறந்தார். இரண்டு முறை மேலும் கீழும் தள்ளினார்.

"எங்க அம்மிணி, காணோமே?"

காணோம்தான். பழைய 'சிம்பிள்' தீம். அதன் மொபைல் தோற்றத்தில் பதிவுகள் மட்டும் தெரியும், சைடுபார் வராது. லேப்டாப்பில் பார்த்து நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட விஷயம், போனில் படிக்கிற யாருக்குமே இல்லை. டீச்சரின் வாசகர்களில் லேப்டாப்பில் படிப்பவர் எத்தனை பேர் என்று கேட்டேன். "என்ற தம்பி ஒருத்தன். அவனும் இப்ப போன்ல தான்" என்றார்.

அந்த நேரத்தில் சார் காபியோடு வந்தார். டீச்சரின் கணவர். மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். திரையை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மிணி, இவளுக்குப் போன் பண்றவங்க என்னன்னு கேட்டுப் பண்றாங்களோ, அதை எழுதி வெச்சா போதாதா?"

லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு ரூல்டு நோட்டை எடுத்தோம்.

முதலில் நோட்டு... பிறகு ப்ளாகர்!

நீங்கள் வலைப்பூ வைத்திருந்தால், அல்லது உங்கள் அப்பாவோ அத்தையோ வைத்திருந்தால், இந்த வாரம் செய்ய வேண்டியது இதைத்தான். கேட்ஜெட் பிறகு.

ஒரு தாளில், படிப்பவர்கள் உங்களிடம் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். டீச்சரும் சாரும் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'சாந்தகையா சந்தகையா, எது சரி?', 'உப்புமாவுக்கு அரிசி எவ்வளவு நேரம் ஊறணும்?', 'பூப்பறிக்கிற நோம்பி என்னிக்கு வருது?', 'எங்க தாத்தா வேலை பார்த்த மில்லைப் பத்தி எழுதியிருக்கீங்களா?' என்று ஒன்றரைப் பக்கம் வந்தது. ஒரே மாதிரியானவற்றை வட்டம் போட்டுச் சேர்த்தோம். ஏழு வட்டங்கள்.

சாப்பாடு, நோம்பி, எங்க ஊர்ப் பேச்சு, மில்லுக் காலம், கை வைத்தியம், தமிழ்ச் சந்தேகம், ஊர் சுத்துனது.

'அறுசுவை' என்ற பெயரைக் கைவிட டீச்சருக்கு மனசே இல்லை. "எவ்வளவு அழகான சொல்லு!" என்றார். "அழகுதானுங்க டீச்சர். ஆனா உங்ககிட்ட யாராவது அறுசுவை எங்க இருக்குன்னு கேட்டிருக்காங்களா?" என்றேன். சிரித்துவிட்டு அவரே அடித்தார்.

இந்த யோசனை புதிதல்ல. சீர்காழியில் பிறந்து, கணிதப் பேராசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்துப் புத்தகம் வெளியிட்டார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. இணையம் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டது, இன்று ஒரு வலைப்பூவின் ஓரத்தில் வைக்கும் பட்டியலுக்கும் அப்படியே பொருந்துகிறது.

பெயர்களை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு லேபிளுக்கும் ப்ளாகர் ஒரு தனி முகவரி தருகிறது. நாளைக்குப் பெயரை மாற்றினால் அந்த முகவரியும் மாறிவிடும். பழைய லிங்க்கை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியிருந்தால், அவர்களுக்கு வெறும் பக்கம்தான் தெரியும்.

'நானா எழுதுனேன்?'

அடுத்து 612 பதிவுகளையும் அந்த ஏழில் சேர்க்க வேண்டும். ப்ளாகரில் 'போஸ்ட்ஸ்' பட்டியலுக்கு மேலே 'மேனேஜ்' என்று இருக்கும். அதைத் தொட்டால் ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் ஒரு கட்டம் வரும். வேண்டிய பதிவுகளை டிக் செய்து, லேபிள் படத்தைத் தொட்டு, மொத்தமாக ஒரே பெயரை ஒட்டிவிடலாம். ஒவ்வொரு பதிவாகத் திறக்க வேண்டியதில்லை.

தலைப்பைப் பார்த்தே பாதியைப் பிரித்துவிட்டோம். தலைப்பு புரியாதவற்றை நான் திறந்து படிக்க, டீச்சர் எந்த வட்டம் என்று சொன்னார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை 'பொது' பரணுக்கு வந்தோம். அதில் 2014-ல் எழுதிய ஒன்று. தலைப்பு, 'பன்னிரண்டு மணி'.

சத்தமாகப் படித்தேன். ஏழு வயதுப் பெண் ஒருத்தி, மதிய வெயிலில் தூக்குப்போசியில் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு மில் கேட்டுக்குப் போகிறாள். சங்கு ஊதுகிறது. பஞ்சுத் தூசி படிந்து தலை நரைத்த மாதிரி இருக்கும் ஆட்களுக்கு நடுவில் அப்பா யாரென்று தெரியாமல் திகைத்து நிற்கிறாள். ஒருவர் அவள் முன்னால் வந்து குனிந்து தலையைத் தட்டிக்கொள்கிறார். தூசி பறக்கிறது. உள்ளே அப்பா.

படித்து முடித்ததும் டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானா எழுதுனேன்?" என்றார்.

"ஆமாங்க டீச்சர்."

"எழுதுனது ஞாபகமில்லை. ஆனா அந்தத் தூசி ஞாபகமிருக்குது" என்றார். சார் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். 'மில்லுக் காலம்' என்று லேபிள் ஒட்டினேன்.

அந்த நிமிடம்தான் இந்த வேலையின் அவசரம் எனக்கு உறைத்தது. சைடுபார் வைப்பது தொழில்நுட்ப வேலை. அதை யாரும் எப்போதும் செய்துகொள்ளலாம். எது எதோடு சேரும் என்று சொல்வது எழுதியவரால் மட்டுமே முடியும். இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டிருந்தால், 'பன்னிரண்டு மணி' என்பது வெறும் தலைப்பாகப் பரணிலேயே கிடந்திருக்கும்.

இனி கேட்ஜெட்... படிப்படியாக!

எங்களுக்குச் சரியாக அமைந்த முறை இது. போனிலேயே செய்யலாம். குரோமில் ப்ளாகரைத் திறந்து, மெனுவில் 'டெஸ்க்டாப் சைட்' வைத்துக்கொண்டால் சுலபம்.

1. முதலில் பாதுகாப்பு. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'பேக்அப் கன்டென்ட்' மூலம் பதிவுகளுக்குப் பிரதி எடுங்கள். 'தீம்' பகுதியில் 'கஸ்டமைஸ்' பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியைத் தொட்டு, தீமுக்கும் ஒரு பிரதி எடுங்கள். தீம் மாற்றும்போது சில கேட்ஜெட்கள் இடம் மாறலாம், காணாமலும் போகலாம்.

2. போனில் சைடுபார் தெரியாத பழைய தீம் என்றால், தீமை மாற்றுங்கள். 2017-ல் வந்த கான்டெம்போ, சோஹோ, எம்போரியோ, நோட்டபிள் நான்கும் போனுக்கு ஏற்றவை. இவற்றில் சைடுபார், மேல் மூலையில் இருக்கும் மூன்று கோடுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நாங்கள் கான்டெம்போவுக்கு மாறினோம்.

3. உங்கள் வலைப்பூவைத் திறந்து, ஏதாவது பதிவின் அடியில் இருக்கும் லேபிளைத் தொடுங்கள். அந்த லேபிளில் உள்ள பதிவுகள் மட்டும் வரும். மேலே இருக்கும் முகவரியை நகல் எடுங்கள். ஒட்டும்போது தமிழ் எழுத்துகள் சதவிகிதக் குறிகளும் எண்களுமாக நீளமாக மாறித் தெரியலாம். பயப்பட வேண்டாம், வேலை செய்யும். இப்படி ஏழு முகவரிகள்.

4. 'லேஅவுட்' போய், சைடுபார் பகுதியில் 'ஆட் எ கேட்ஜெட்' தொட்டு, 'லிங்க் லிஸ்ட்' தேர்ந்தெடுங்கள். தலைப்பில் 'எங்கே எது?' என்று நாங்கள் வைத்தோம். ஒவ்வொரு வரிக்கும் பெயரையும் முகவரியையும் கொடுத்துச் சேருங்கள்.

5. அதை இழுத்து சைடுபாரின் உச்சியில் வையுங்கள். கடைசியாக, மூலையில் இருக்கும் சேமிப்புப் படத்தைத் தொட மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்து, எல்லாவற்றையும் மறுபடி செய்தேன்.

6. கடிகாரம், எண்ணிக்கைக் கருவி, செத்துப்போன திரட்டிப் பட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பட்டியல் பளிச்சென்று தெரியும். திறக்கும் நேரமும் குறையும்.

'லேபிள்ஸ் கேட்ஜெட் இருக்கும்போது எதற்கு லிங்க் லிஸ்ட்?' என்று கேட்கிறீர்களா? லேபிள்ஸ் கேட்ஜெட் மோசமில்லை. அதில் 'செலக்டட் லேபிள்ஸ்' என்பதை எடுத்து, வேண்டியதை மட்டும் காட்டலாம். ஆனால், வரிசை நம் கையில் இல்லை. அகர வரிசை, அல்லது எதில் பதிவு அதிகமோ அது முதலில். இந்த அகர வரிசை விஷயத்தில் கணினியும் தமிழும் எப்போதுமே கொஞ்சம் முறைத்துக்கொள்வார்கள். யூனிகோடு எண் வரிசையில் 'ந'வுக்கு அடுத்து 'ன', 'ர'வுக்கு அடுத்து 'ற', 'ச'வுக்கு அடுத்து 'ஜ' நிற்கிறது. டீச்சர் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரிசை அதுவல்ல. செம்மொழி மாநாட்டையொட்டி 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடோடு 'டேஸ் 16' என்ற தமிழ்க் குறியீட்டையும் ஏற்றதற்குப் பின்னால் இப்படிப்பட்ட குறைகளும் இருந்தன. நம் சின்னப் பட்டியலுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். லிங்க் லிஸ்ட்டில் வரிசையை நாமே வைத்துக்கொள்ளலாம். அதிகம் பேர் கேட்பது முதலில். அவ்வளவுதான்.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். பழைய வகை தீம் என்றால் 'அப்பியரன்ஸ்' பகுதியில் 'விட்ஜெட்ஸ்' இருக்கும். புதிய ப்ளாக் தீம் என்றால் அந்த மெனு இருக்காது, 'எடிட்டர்' வழியாகப் போக வேண்டும். பெயர்தான் மாறும். நோட்டில் போட்ட வட்டங்கள் அதேதான்.

மூன்று கோடும் பத்மா காபியும் இல்லாத வீடு

எல்லாம் முடிந்ததும் சாரைச் சோதனைக்கு உட்கார வைத்தோம். அவர் போனில் வலைப்பூவைத் திறந்து, "கொள்ளு ரசம் எங்கேன்னு கண்டுபிடிங்க சார்" என்றேன். ஒரு நிமிடம் ஆனது. மூன்று கோடுகளைப் பார்த்தார், ஆனால் தொடவில்லை. "அது ஏதோ டிசைன்னு நெனச்சேன்" என்றார்.

அதுதான் நிஜம். மூன்று கோடு என்றால் மெனு என்பது நமக்குத் தெரியும். எழுபது வயதில் எல்லோருக்கும் தெரியாது. அதனால் இன்னொன்று செய்தோம். 'பேஜஸ்' பகுதியில் 'பொருளடக்கம்' என்று ஒரு தனிப் பக்கம். அதில் அதே ஏழு வரிகளையும் பெரிய எழுத்தில் லிங்க் கொடுத்து எழுதினோம். பிறகு 'பேஜஸ்' கேட்ஜெட்டை வலைப்பூவின் மேலே வைத்து, அந்த ஒரு பெயர் மட்டும் தெரியும்படி விட்டோம். புத்தகத்தில் பொருளடக்கம் என்றால் என்னவென்று சாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அடுத்த சோதனையில் 15 விநாடி. இரண்டு தொடுதல். கொள்ளு ரசம் வந்துவிட்டது.

நீங்களும் உங்கள் வீட்டில் போன் விஷயத்தில் கொஞ்சம் தடுமாறும் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் நின்று சொல்லித் தராதீர்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள். அங்கேதான் உங்கள் வேலை பாக்கி இருக்கிறது.

எட்டாவது வரி

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லாம் முடிந்தது. லிங்க்கை டீச்சரின் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். பெங்களூர் அக்கா மகளிடமிருந்து உடனே பதில். 'சித்தி, ஒப்புட்டு, சந்தகை எல்லாம் ஒரே இடத்துல கிடைச்சுடுச்சு. இனி உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.'

எனக்கு ஒரே சந்தோஷம். டீச்சர் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

"என்னங்க டீச்சர்?"

"ஒண்ணுமில்ல. இனி யாரும் போன் பண்ண மாட்டாங்க போல."

எனக்கு அது தோன்றவே இல்லை. 14 வருடங்களாக அந்தப் போன் அழைப்புகள் 'எந்த வருசம்' என்பதோடு முடிந்ததில்லை. "புள்ளைக்குக் காய்ச்சல் தேவலையா, மாமனார் எப்படி இருக்கார்" என்று அரை மணி நேரம் போகும். வழிகாட்டும் பலகை வைத்துவிட்டு, வழி சொல்லிக்கொண்டிருந்தவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டோமோ?

அதற்கும் சார்தான் வழி சொன்னார். லேஅவுட்டைத் திறந்து, லிங்க் லிஸ்ட்டில் எட்டாவதாக ஒரு வரி சேர்த்தோம். ஏழு பெயர்களுக்கும் கீழே, 'தேடியது கிடைக்கலீங்களா? டீச்சரைக் கேளுங்க'. தொட்டால் அவருடைய மின்னஞ்சலுக்குப் போகும்.

போன வாரம் டீச்சரே கூப்பிட்டார். சிங்கப்பூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருக்கிறாராம். 'மில்லுக் காலம்' முழுவதையும் ஒரே மூச்சில் படித்தாராம். அவருடைய தாத்தாவும் பீளமேட்டு மில் தொழிலாளியாம். எந்த ஷிஃப்ட்டுக்கு எத்தனை முறை சங்கு ஊதும் என்று கேட்டிருக்கிறார்.

"பதில் எழுதிட்டீங்களா டீச்சர்?"

"எழுதிட்டே இருக்கேன் அம்மிணி. பதில் நீளமா போயிட்டிருக்குது. பதிவாவே போட்டுடலாம்னு இருக்கேன். எந்த லேபிளுன்னு இப்ப எனக்கே தெரியும்!"

613-வது பதிவுக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது வருடக் கணக்கில் எழுதிக் குவித்திருக்கிறார்களா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். முடிந்ததும் எத்தனை வட்டங்கள் வந்தன என்று கமென்ட்டில் சொல்லுங்கள். அடுத்த வாரம், ஒரு வலைப்பூவை முழுசாகப் பிரதி எடுத்து, வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்று பார்ப்போம். அதுவரை உங்கள் கூகுள் கணக்கில் ஒருமுறை உள்ளே போய் வந்துவிடுங்கள். இரண்டு வருடங்கள் தொடாமல் விட்ட கணக்குகளை நீக்கும் வழக்கத்தை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் தொடங்கியிருக்கிறது. எழுதியது இருந்தால்தானே வழிகாட்ட முடியும்!